காய்ச்சலின் தீவிரம் காட்டும் இரத்தப் பரிசோதனைத் தொகுப்பு: ஒரு மதிப்புரை

வைரஸ் சுவாசத் தொற்று எவ்வளவு தீவிரமானது என்பதை இரத்தத்தைக் கொண்டே கணித்துச் சொல்வதாக விளம்பரப்படுத்தப்படும் தொகுப்பு ஒன்றை, ஃபுளூ காய்ச்சலில் படுத்திருந்த என் தந்தைக்காக எடுத்தோம். வீட்டுக்கு வந்து இரத்தம் எடுத்தவர் தொழில் தெரிந்தவர். அறிக்கையும் அன்று மாலையே வந்துவிட்டது. சேவையில் குறையில்லை. என் குறையெல்லாம் தொகுப்பு வடிவமைக்கப்பட்ட விதத்தைப் பற்றியது.

முழு இரத்த எண்ணிக்கை, சி.ஆர்.பி. (அழற்சியைக் காட்டும் புரதம்), எல்.டி.எச். (செல்கள் சேதமானால் உயரும் நொதி), ஃபெரிட்டின் (இரும்பைச் சேமிக்கும் புரதம்), டி-டைமர் (இரத்த உறைவு கரையும்போது உண்டாகும் துணுக்கு), புரோகால்சிடோனின் (பாக்டீரியா தொற்றில் உயரக்கூடியது), இன்டர்லூக்கின்-6 (அழற்சியின் சமிக்ஞைப் புரதம்) ஆகியவை இதில் அடங்கும். இவற்றுள் பெரிதும் பயன்படக்கூடியது சி.ஆர்.பி.தான். அழற்சி தொடங்கிய சில மணி நேரத்தில் கல்லீரல் இதைச் சுரக்கத் தொடங்குகிறது. ஏறத்தாழ 2 நாளில் உச்சத்தை எட்டும் இது, தூண்டுதல் நின்றதும் சுமார் 19 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைகிறது. ஆகவே, காய்ச்சலின் எத்தனையாவது நாளில் எடுத்த இரத்தம் என்பது தெரியாமல் அந்த எண்ணுக்குப் பொருள் கூற இயலாது. பதிவுப் படிவமோ அதைக் கேட்கவே இல்லை. உட்கொள்ளும் மருந்துகளையும் கேட்கவில்லை. ஸ்டீராய்டு எடுப்பவருக்கு வெள்ளணுக்களில் நியூட்ரோஃபில்கள் என்னும் வகை கூடி, லிம்போசைட்டுகள் என்னும் வகை குறைவதால், நோய் மோசமாகாமலேயே இரண்டின் விகிதம் உயர்ந்து தோன்றும் என்பது ஆய்வகத்தார் அறியாததல்ல.

லிம்போசைட்டுகளின் சதவீதத்தைத் தடித்த எழுத்தில் அச்சிட்டு, மொத்த எண்ணிக்கையைக் கீழே பொடி எழுத்தில் தந்திருக்கிறார்கள். மருத்துவர் முதலில் தேடுவது பின்னதைத்தான். பெரியவர்களுக்கு அது ஒரு மைக்ரோலிட்டருக்கு 1,000-க்குக் கீழே இறங்கினால் கவனம் தேவை. டி-டைமரில் இன்னொரு சிக்கல். வயது ஏற ஏற அது இயல்பாகவே உயரும் என்பதால், இரத்த உறைவு இல்லையென உறுதிசெய்யும்போது 50 வயதைக் கடந்தவர்களுக்கு வயதைப் பத்தால் பெருக்கி வரம்பு வகுக்கும் வழக்கமுண்டு. இந்த அறிக்கை எழுபதைத் தாண்டியவருக்கும் 500 என்ற ஒரே வரம்பை வைத்துச் சிவப்பு நிறம் பூசுகிறது. வீட்டில் அன்றிரவு யாரும் சரியாக உறங்கவில்லை.

பாராட்ட வேண்டியதும் உண்டு. மாதிரியில் சிவப்பணுக்கள் சிதைந்திருந்தால் எல்.டி.எச். பொய்யாக உயரும், அவ்வாறு சிதைவு இல்லை என்ற குறிப்பைத் தாமாகவே சேர்த்திருந்தார்கள். சி.ஆர்.பி.யை லிட்டருக்கா டெசிலிட்டருக்கா கணக்கிட்டார்கள் என்பதும் தெளிவாக இருந்தது. பத்து மடங்கு வேறுபடும் இந்த அலகுக் குழப்பத்தால் பழைய அறிக்கையோடு ஒப்பிட்டுப் பதறியவர்கள் இருக்கிறார்கள். புரோகால்சிடோனின் மிகக் குறைவாக இருந்தது, பாக்டீரியா தொற்றும் சேர்ந்திருக்குமோ என்று யோசித்த எங்கள் மருத்துவருக்கு ஓரளவு உதவியது.

இன்டர்லூக்கின்-6 எதற்கு என்று விளங்கவில்லை. சி.ஆர்.பி.யைச் சுரக்கும்படி கல்லீரலைத் தூண்டுவதே அதுதான். வீட்டில் இருக்கும் நோயாளிக்கு அதைத் தனியே அளந்து கூடுதலாக அறிவதற்கு அதிகமில்லை. மாறாக, சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் எளிய யூரியா பரிசோதனை இல்லை. கோவிட் காரணமாக மருத்துவமனையில் சேர்ந்தவர்களின் இறப்பு அபாயத்தைக் கணிக்க உருவான 4சி இறப்பு மதிப்பெண்ணில் உள்ள எட்டு அம்சங்களில் இரத்தப் பரிசோதனைகள் இரண்டே: யூரியா, சி.ஆர்.பி. மற்றவை வயது, பாலினம், இணைநோய்கள், மூச்சு வேகம், ஆக்சிஜன் அளவு, உணர்வு நிலை. அதை அப்படியே ஃபுளூவுக்குப் பொருத்த முடியாதுதான். ஆயினும் படுக்கையருகே பார்த்தறிய வேண்டியவற்றுக்கு அது தரும் இடம் கவனிக்கத்தக்கது. இந்த அறிக்கையோ மூச்சு வேகத்தையும் ஆக்சிஜனையும் கேளாமல், "நடுத்தரத் தீவிரம்" என்று ஆரஞ்சு நிறத்தில் தீர்ப்பெழுதி முடிகிறது. கணக்கிட்ட முறை எங்கும் தரப்படவில்லை.

இரண்டு நாள் கழித்து சி.ஆர்.பி.யை மட்டும் மறுபடி பார்க்கும்படி மருத்துவர் சொன்னார். அதைத் தனியாக எடுக்க இங்கே வழியில்லை, முழுத் தொகுப்பாகத்தான் வாங்க வேண்டும் என்றார்கள். வேறோர் ஆய்வகத்தில் எடுத்துக்கொண்டோம்.