தலைமன்னார் ஒருநாள் சுற்றுலா: வண்டி நன்று, நேரம்தான் போதாது

யாழ்ப்பாணத்திலிருந்து, மன்னார்த் தீவின் முனையிலுள்ள தலைமன்னாருக்கு ஒருநாள் சுற்றுலா நடத்தும் பயண முகவர் ஒருவரின் வான் வண்டியில் அண்மையில் சென்று வந்தேன். வண்டியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சாரதி நிதானமானவர், 2011 இல் திறக்கப்பட்ட சங்குப்பிட்டிப் பாலத்தைக் கடந்து பூநகரி வழியாகச் செல்லும் ஏ-32 வீதியில், வவுனியாவைச் சுற்றாமல், களைப்பின்றி மன்னாரை அடைந்துவிட்டோம்.

குறை நேர ஒதுக்கீட்டில்தான் இருக்கிறது. திருக்கேதீச்சரத் தரிசனம், மன்னார்க் கோட்டை, பருத்த அடிமரங்கொண்ட பெருக்கமரம், நீண்ட மதிய உணவு என்று பகற்பொழுது கரைந்ததால், பயணத்துக்குப் பெயர் தந்த தலைமன்னாரை வெயில் சாயத் தொடங்கிய பின்னரே கண்டோம். சிதைந்து நிற்கும் பழைய இறங்குதுறையருகே, "இங்கேதான் முந்திக் கப்பல் வந்தது" என்று வழிகாட்டி ஒரே வசனத்தில் முடித்துக்கொண்டார். 1914 இல் தொடங்கிய தனுஷ்கோடிக் கப்பற்சேவை இரு கரைகளிலும் புகையிரதத்தோடு இணைக்கப்பட்டிருந்ததையும், 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தபின் இராமேஸ்வரத்திலிருந்து கப்பல் வந்ததையும், எண்பதுகளில் போர்ச் சூழலில் அதுவும் நின்றுபோனதையும் சொல்ல ஐந்து நிமிடம் போதும். அவ்வழியே இந்தியா சென்று வந்த பெரியவர்கள் எங்கள் வீடுகளில் இன்றும் இருக்கிறார்கள்; அவர்களில் ஒருவர் வண்டியில் இருந்திருந்தால் வழிகாட்டியின் பாடு திண்டாட்டமாகியிருக்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். விளம்பரத்தில் பெரிதாகப் போட்டிருந்த படம், தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கடலிலுள்ள ஆதாம் பாலத்து (இராமர் பாலம்) மணல்திட்டுகளுடையது. ஆனால் கட்டணத்தில் படகுச் சவாரி அடங்கவில்லை என்பதை அங்கு போன பிறகே சொன்னார்கள். இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையே 1974 இல் வகுக்கப்பட்ட கடல் எல்லை எட்டும் இடம் அது. இலங்கைப் பக்கத்துத் திட்டுகள் 2015 முதல் தேசியப் பூங்காவாகவும் உள்ளன. நினைத்தவுடன் படகேற முடியாத அவ்விடத்தின் படத்தைப் போட்டு ஆள் சேர்ப்பது முறையன்று.

வயோதிபர்களையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கோயிலும் கோட்டையும் பார்க்க விரும்புவோருக்கு இச்சேவை தாராளமாகப் போதும். தலைமன்னார் முனையைப் பார்க்கவென்றே போகிறவர்கள் பேருந்தில் மன்னாருக்குச் சென்று, இரவு தங்கி, விடியற்காலையில் முச்சக்கரவண்டி பிடிப்பது நல்லது. மாரிகாலமாயின் வழியிலுள்ள களப்புகளில் பூநாரைகளையும் ஆறுதலாகப் பார்க்கலாம்.