எல்லாமே ஒவ்வொன்றுதான்: புறநகர்ச் சிறுநகரத்துக்கு ஒரு மதிப்புரை

இரண்டு வருஷம் கையில் இருக்கப்போகிற செல்போனுக்குப் பக்கம் பக்கமாக மதிப்புரை எழுதுகிறோம். குடியிருக்கும் ஊருக்கு யாரும் எழுதுவதில்லை. வீடு மாறப்போகிறேன் என்றால் எத்தனை அறை, தண்ணீர் எப்படி, வெளிச்சம் வருமா என்றுதான் கேட்கிறார்கள். ஊர் எப்படி வேலை செய்கிறது என்று கேட்பாரில்லை. அதனால் நானே எழுதிவிடுகிறேன்.

நான் மருத்துவமனை ஒன்றில் எக்ஸ்ரே, ஸ்கேன் எடுக்கும் டெக்னீஷியன். ஷிப்ட் வேலை. மருத்துவமனை பெருநகரத்தில் இருக்கிறது. வீடு அங்கிருந்து ரயிலில் முக்கால் மணி நேரம் தள்ளி ஒரு சிறுநகரத்தில். ஊர்ப் பெயர் வேண்டாம். இந்த அளவு ஊர்கள் எந்தப் பெருநகரத்தின் ஓரத்தில் இருந்தாலும் குணம் ஏறக்குறைய ஒன்றுதான்: ஒரு ரயில் நிலையம், ஒரு நூலகம், ஒரு கடைத்தெரு, ஒரு பூங்கா, ஒரு பல் மருத்துவர், செருப்புத் தைக்க ஓர் ஆள். எல்லாமே ஒவ்வொன்றுதான். இங்கே இருக்கும் சௌகரியங்களில் முக்கால்வாசி இதிலிருந்து வருபவை. தொல்லைகளும் அப்படியே.

ஏன் ஒவ்வொன்று என்பதற்கு வால்டர் கிறிஸ்டாலர் என்ற ஜெர்மன் புவியியலாளர் 1933-லேயே கணக்குச் சொல்லிவிட்டார். ஒவ்வொரு தொழிலும் பிழைக்கக் குறைந்தபட்சம் இத்தனை பேர் வேண்டும். அந்தத் தொழிலைத் தேடி மனிதர்கள் இவ்வளவு தூரம்தான் வருவார்கள். இந்த இரண்டையும் வைத்துத்தான் எந்த ஊரில் எது இருக்கும் என்பது முடிவாகிறது. கண்ணாடிக்குப் பவர் பார்க்கிறவருக்குச் சின்ன ஊர் போதும். விழித்திரை நிபுணருக்குப் போதாது. ஆகவே முதலாமவர் இங்கே, இரண்டாமவர் ரயிலின் மறுமுனையில். இதே ஊர் பெருநகரத்திலிருந்து வெகுதூரம் தள்ளி இருந்தால் விழித்திரை நிபுணரைப் பார்க்க ஒரு நாள் லீவு போடவேண்டும். இப்போது அரை நாள் போதும். வில்லியம் அலோன்ஸோ என்ற பொருளியலாளர் 1973-ல் இதை ‘கடன் வாங்கிய அளவு’ என்றார். பக்கத்துப் பெரிய ஊரின் அளவைச் சின்ன ஊர் கடனாக எடுத்துக்கொள்கிறது. வட்டி ரயிலில் கட்டுகிறோம். அந்த வட்டியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் எனக்குப் பிடித்தது. இரவு ஷிப்ட் முடிந்து காலை ரயிலில் வந்து இறங்குகிறேன். நிலையத்துக்கு எதிரே நூலகம். கதவில் ஒரு பிளவு உண்டு, படித்த புத்தகத்தை அதில் போட்டுவிடலாம். அதைத் தாண்டினால் மருந்துக்கடை. அடுத்த திருப்பத்தில் செருப்புத் தைப்பவர். பிறகு தபால் நிலையம், பூங்கா, வீடு. ஒரே நடை, எங்கும் வண்டியை நிறுத்த இடம் தேடவேண்டாம். இந்த நான்கு வேலைகளைப் பெருநகரத்தில் செய்ய நான் ஒரு விடுமுறை நாளைத் தனியாக ஒதுக்கிவந்தேன். இங்கே அவை வேலை என்ற கணக்கிலேயே வருவதில்லை.

செருப்புத் தைப்பவரைப் பற்றிச் சொல்லியாகவேண்டும். வாங்கின கையோடு செருப்பைத் திருப்பிப் பார்ப்பார். ஒருநாள், “எப்பவும் வலது குதிகாலோட வெளி ஓரம்தான் சார் தேயுது. பையை எந்தத் தோளில மாட்டுறீங்க?” என்று கேட்டார். வலது தோளில்தான். “இடது பக்கம் மாத்திப் பாருங்களேன்” என்றார். மற்றவர்களின் முதுகெலும்பைப் படம் பிடிப்பது என் தொழில். என் நடையைக் கண்டுபிடித்தவர் இவர். இதில் அபூர்வத் திறமை எதுவும் இல்லை என்று அவரே சொல்வார். ஊரில் தைக்கிறவர் ஒருவர்தான் என்பதால் என் செருப்பு ஒவ்வொரு முறையும் அவர் கைக்கே போகிறது. நல்ல கடைகள் பத்து இருக்கும் இடத்தில் பத்தாவது தடவையும் நான் புது ஆள்தான்.

நூலகத்திலும் இதே கதை. புத்தகம் குறைவு, அதை மறைக்க முடியாது. என் துறைப் புத்தகங்கள் அறவே இல்லை. ஆனால் கேட்டு எழுதி வைத்தால் வேறு நூலகத்திலிருந்து வரவழைத்துத் தருகிறார்கள். பெரிய நூலகத்திலும் இந்த வசதி இருந்திருக்கும். கேட்க எனக்குத் தோன்றியதே இல்லை, ஏனென்றால் அங்கே பேசுவதற்கு ஆள் கிடையாது, இயந்திரம்தான். இங்கே மேசைக்குப் பின்னால் இருக்கும் அம்மா, நான் திருப்பிக் கொடுத்ததைப் பார்த்து “இது பாதியில நின்னுடுச்சு போல” என்பார். எப்படித் தெரிந்தது என்று கேட்டால் சிரிப்பார். இப்போது நான் இருக்கும் வீடு காலியாகப் போகிறது என்ற செய்தியும் அந்த மேசையில்தான் கிடைத்தது. மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973-ல் எழுதிய கட்டுரை ஒன்று இதற்குப் பொருந்தும்: புதுச் செய்தி நெருங்கிய நண்பர்களிடமிருந்து வருவது குறைவு, அவர்களுக்குத் தெரிந்தது நமக்கும் தெரியும், பாதி அறிமுகமானவர்கள்தான் நாம் அறியாத வட்டத்திலிருந்து செய்தி கொண்டுவருகிறார்கள். இந்தப் பாதி அறிமுகங்கள் இந்த ஊரில் ஏராளம். தேடிப் போக வேண்டியதில்லை, ஒரே கடைத்தெருவில் நடந்தாலே சேர்ந்துவிடும்.

ரயில் நிலையத்தில் ஒரு தனி ரகம். என்னோடு அதே பெட்டியில் ஏறும் ஒருவர், மடிக்கும் சைக்கிளோடு வருபவர். வருஷக்கணக்கில் பார்க்கிறேன், பேசியதில்லை. ஒருநாள் பெருநகரத்தில் என் மருத்துவமனை வாசலிலேயே எதிர்ப்பட்டார். இருவரும் சொந்தக்காரர்களைப் போலக் கையைப் பிடித்துக்கொண்டு பேசினோம். மறுநாள் காலை பிளாட்பாரத்தில் பழையபடி ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான். ஸ்டான்லி மில்கிராம் என்ற உளவியலாளர் 1972-ல் இப்படிப்பட்டவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார், ‘பரிச்சயமான அந்நியர்’ என்று பெயர் வைத்து. வழக்கமாகப் பார்க்கும் இடத்திலிருந்து எவ்வளவு தூரம் தள்ளிச் சந்திக்கிறார்களோ அவ்வளவுக்குப் பேசத் துணிவார்கள் என்பது அவர் கவனிப்பு. எனக்கு இது அப்படியே நடந்தது.

நடை வேகமும் மாறுகிறது. 1976-ல் மார்க் பார்ன்ஸ்டைன், ஹெலன் பார்ன்ஸ்டைன் இருவரும் மூன்று கண்டங்களில் 15 ஊர்களில் மனிதர்கள் நடக்கும் வேகத்தை அளந்தார்கள். ஊர் பெரிதாகப் பெரிதாக நடை வேகம் கூடியது. மருத்துவமனை நிலையத்தில் இறங்கினால் நானும் மற்றவர்களைத் தள்ளாத குறையாக நடக்கிறேன். இங்கே இறங்கினால் வேகம் தானாகக் குறைகிறது. பின்னால் தள்ள ஆள் இல்லை என்பதுதான் காரணமோ என்னவோ.

பகலில் தூங்குகிற ஆள் என்பதால் சத்தம் எனக்குப் பெரிய விஷயம். இதில் ஊரைவிடத் தெருதான் முக்கியம். டொனால்ட் ஆப்பிள்யார்டும் மார்க் லின்டெல்லும் சான் பிரான்சிஸ்கோவில் மூன்று தெருக்களை ஆராய்ந்து 1972-ல் வெளியிட்டார்கள். ஒன்றில் ஒரு நாளைக்குச் சுமார் 2,000 வண்டிகள், இன்னொன்றில் 8,000, மூன்றாவதில் 16,000. வண்டி குறைந்த தெருவில் ஒருவருக்குத் தெருவுக்குள் சராசரியாக 3 நண்பர்கள். அதிகமான தெருவில் ஒருவர்கூட முழுசாக இல்லை, 0.9. மூன்றும் ஒரே நகரம்தான் என்பதைக் கவனியுங்கள். புறநகர்ச் சிறுநகரங்கள் பலவற்றின் நடுவே பெருநகரத்துக்குப் போகும் சாலை ஒன்று ஓடும். அதன்மேல் வீடு எடுத்தால் நான் இதுவரை சொன்ன எதுவும் கிடைக்காது. லாரிச் சத்தம்தான் மிச்சம். நான் முதலில் எடுத்த வீட்டிலிருந்து மாறியதே அதனால்தான். இரண்டு தெரு உள்ளே வந்தேன், வேறு ஊருக்கு வந்த மாதிரி இருந்தது.

இரவு வானம் பற்றி விளம்பரங்களில் வருவதை நம்பவேண்டாம். ஜான் பார்ட்டில் 2001-ல் வானத்தின் இருட்டுக்கு 1 முதல் 9 வரை படி வகுத்தார். 9 என்பது பெருநகர மையம். புறநகரம் நடுவில்தான் எங்கோ நிற்கும். பால்வீதி தெரியும் என்று வந்தால் ஏமாற்றம்தான், பெருநகரத்தின் ஒளி ஒரு பக்க வானத்தை எப்போதும் வெளுப்பாக வைத்திருக்கிறது. ஆனால் நிலவில்லாத இரவில் கார்த்திகைக் கூட்டத்தில் ஆறு நட்சத்திரத்தையும் என்னால் எண்ண முடிகிறது. எனக்கு அது போதும்.

இனி குறைகள். கடன் என்று சொன்னேனே, அதன் வட்டி தினசரிப் பயணம். போக வர ஒன்றரை மணி நேரம் வெறும் ரயிலில் மட்டும். மனிதர்கள் எந்தக் காலத்திலும் நாளுக்குச் சுமார் ஒரு மணி நேரத்தைத்தான் பயணத்துக்கு விட்டுக்கொடுக்கிறார்கள் என்று சீஸரே மார்கெட்டி 1994-ல் எழுதினார். நான் அந்த வரம்பைத் தாண்டிவிட்டவன், சில நாட்களில் உடம்பு அதைச் சொல்லும். வாடகை குறைகிறதே என்று கணக்குப் போடுபவர்களுக்கு இன்னொன்று: புருனோ ஃப்ரையும் அலோயிஸ் ஸ்டட்ஸரும் ஜெர்மனியின் தரவுகளை வைத்துப் பார்த்தபோது, நீண்ட பயணம் செய்பவர்கள் வாழ்க்கையில் திருப்தி குறைவு என்றே சொல்லியிருந்தார்கள். மலிவான வீடோ கூடுதல் சம்பளமோ அதைச் சரிக்கட்டவில்லை. என் அபிப்பிராயம், வாரம் ஐந்து நாளும் காலை நெரிசலில் போக வேண்டியவருக்கு இந்த ஊர் லாபமில்லை. எனக்கு ஷிப்ட், பாதி நாள் கூட்டத்துக்கு எதிர்த்திசையில் உட்கார்ந்து போகிறேன். வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர்களுக்குக் கொண்டாட்டம்.

அடுத்தது, ஒவ்வொன்றுதான் என்பதன் மறுபக்கம். இங்கே ஒரு சேவையாளரோடு எனக்கு மனக்கசப்பு வந்தது. யார் என்பது வேண்டாம். சொன்ன நாளில் வேலை முடியவில்லை, கேட்டதற்குக் குரல் உயர்ந்தது. பெருநகரமாக இருந்தால் அடுத்த தெருவில் வேறொருவரிடம் போயிருப்பேன். இங்கே வேறொருவர் என்றால் ரயில் ஏறவேண்டும். தவிர, அவரைத் தினமும் பூங்கா வாசலில் பார்க்கவும் வேண்டும். கோபத்தை நீட்டிக்க இந்த ஊரில் இடவசதி போதாது. ஒருவழியாக இருவரும் குரலைத் தணித்துக்கொண்டு அந்த வேலையை முடித்தோம், அதுவும் அரைகுறையாக.

அந்தரங்கம் குறைவு. நான் எந்த ஷிப்ட் என்பது தெருவுக்கே தெரியும். “நேத்து ராத்திரி விளக்கு எரிஞ்சுதே, லீவா?” என்று கேட்பார்கள். அக்கறைதான், ஆனால் சில நாள் எரிச்சலாக வரும். பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கு ஊர் ருசிக்காது. அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இருந்த ஒரு சினிமா அரங்கமும் மூடிவிட்டது. படம் பார்க்கிறவர்கள் பெருநகரத்துக்கே போய்விடுவதால், பெரிய மரத்தடியில் முளைத்த செடிபோல் இங்கே சில தொழில்கள் தலையெடுப்பதில்லை. அலோன்ஸோவின் கடனுக்கு இப்படியும் ஒரு பிடித்தம் உண்டு.

மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு நான்கு. நடந்தே முடிகிற ஊர் என்பதற்கும், என்னை அடையாளம் தெரிந்த மேசைகளுக்கும் நான்கையும் கொடுக்கிறேன். ஒன்றை ரயிலுக்காகக் குறைத்தேன். கைக்குழந்தை வைத்திருப்பவர்கள், ஓய்வு பெற்றவர்கள், ஷிப்ட்காரர்கள், வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள் தாராளமாக வரலாம். அடிக்கடி நிபுணர் சிகிச்சை தேவைப்படும் நோயாளி வீட்டில் இருந்தால், ஊரைப் பார்க்கும் முன் ரயில் அட்டவணையைப் பாருங்கள்.

வீடு பார்க்க வருபவர்கள் ஞாயிறு மதியம் வெயிலில் வந்து பூங்காவைப் பார்த்துவிட்டு முடிவெடுக்கிறார்கள். அப்போது எல்லா ஊரும் அழகாகத்தான் இருக்கும். வேலைநாளில் கடைசி ரயிலில் வந்து இறங்கி, எடுக்கப்போகும் வீடுவரை நடந்துபோங்கள். தெருவிளக்கு எரிகிறதா, வழியில் ஆள் நடமாட்டம் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். மறுநாள் காலை எட்டு மணிக்கு அந்தத் தெருமுனையில் கால்மணி நேரம் நின்று கனரக வண்டி எத்தனை போகிறது என்று எண்ணுங்கள். நூலகம் வாரத்தில் எத்தனை நாள் திறந்திருக்கிறது, மருத்துவர் புதுப் பெயர்களைப் பதிவுசெய்கிறாரா, கடைசி ரயில் ரத்தானால் மாற்றுப் பேருந்து உண்டா, இந்த மூன்றையும் கேளுங்கள். வீட்டுத் தரகரிடம் வேண்டாம், பிளாட்பாரத்தில் நிற்பவரிடம் கேளுங்கள்.