பாக்கெட் கேமராவா, ஆரம்பநிலை டிஎஸ்எல்ஆரா: ஒரு தூசிப் புள்ளியை முன்வைத்து

சர்வீஸ் போய் வந்த காம்பாக்ட் கேமராவில், வலது மேல் மூலையில் தெரிந்த சாம்பல் புள்ளி போய்விட்டது. பதிலுக்கு இடது ஓரம் மங்கலாகிவிட்டது. ஏன் அப்படி ஆகிறது என்பதைக் கீழே சொல்கிறேன். இந்த நேரம் பார்த்து நண்பர் ஒருவர் கேட்டார்: "சட்டைப்பையில் போடுற மாதிரி சின்ன கேமரா வாங்கட்டுமா, ஆரம்பநிலை டிஎஸ்எல்ஆர் வாங்கட்டுமா?"

பாக்கெட்டில் அடங்கும் காம்பாக்ட், உள்ளே கண்ணாடி வைத்து லென்ஸை மாற்றும் வசதியுள்ள டிஎஸ்எல்ஆர் என இரண்டு வகையையும் வருடக்கணக்கில் மாற்றி மாற்றிப் பயன்படுத்திய அனுபவத்தில் எழுதுகிறேன். மெகாபிக்சல், ஜூம் மடங்கு, திரை அளவையெல்லாம் அவர் ஏற்கெனவே ஒப்பிட்டு முடித்திருப்பார். எந்த விவர அட்டையிலும் இடம்பெறாத தூசியைப் பற்றித்தான் இங்கே அதிகம் பேச்சு.

அதற்கு முன் காம்பாக்டுக்குச் சேர வேண்டிய பாராட்டைக் கொடுத்துவிட வேண்டும். சுமார் 140 கிராம் எடை, இரண்டு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் தடிமன் கொண்ட பொருளிடம் இவ்வளவு வேலைத்திறனை யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள். அதில் முதலிடம் மேக்ரோவுக்கு, அதாவது மிக நெருங்கிப் படமெடுப்பதற்கு. ஜூமை முழுக்க அகலக் கோணத்தில் வைத்துப் பூ அடையாளத்தைத் தட்டினால், மாடலைப் பொறுத்து லென்ஸ் முனையிலிருந்து 1 முதல் 5 செ.மீ. வரை நெருங்கினாலும் ஃபோகஸ் பிடிக்கும். டிஎஸ்எல்ஆரோடு வரும் 18-55 கிட் லென்ஸுக்குச் சென்சாரிலிருந்து (ஒளியைப் படமாக்கும் தகடு) கால் மீட்டர் தூரமாவது வேண்டும். எறும்பின் கால், சர்க்யூட் போர்டில் அச்சிட்ட பொடி எண், நாணயத்தின் தேய்ந்த எழுத்து எல்லாம் காம்பாக்டில் தனி லென்ஸ் இல்லாமலே கிடைத்துவிடும். அவ்வளவு நெருக்கத்தில் கேமராவின் நிழலே பொருள்மேல் விழும் என்பதால், ஃப்ளாஷை அணைத்து, பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் வரும்படி வைத்து, 2 வினாடி டைமரில் எடுக்க வேண்டும். ஜூமை நீட்டிவிட்டு மேக்ரோ முயன்றால் ஃபோகஸ் நழுவும்.

இரண்டாவது, காட்சியின் ஆழம் முழுக்கத் துல்லியமாக வருவது. 4.5 மி.மீ. குவியத்தூரம், எஃப்/3 துளை (எஃப் எண் ஏற ஏறத் துளை சுருங்கும்) என்று வைத்துக்கொண்டால், 1.3 மீட்டரில் ஃபோகஸ் வைத்தாலே சுமார் 70 செ.மீ. தொடங்கி அடிவானம்வரை தெளிவாக இருக்கும். 18 மி.மீ.யில் இருக்கும் டிஎஸ்எல்ஆர் இதையே செய்ய எஃப்/11-ஐயும் தாண்டித் துளையைச் சுருக்க வேண்டும். அப்போது வெளிச்சம் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும், ட்ரைபாட் தேடவேண்டி வரும். மூன்றாவது, ஷட்டர். பெரும்பாலான காம்பாக்ட்களில் அது லென்ஸுக்குள்ளேயே இருக்கும் இலை ஷட்டர். மெனுவில் பீப் ஒலியை அணைத்துவிட்டால் பக்கத்தில் இருப்பவருக்குக்கூடக் கேட்காது. உச்சி வெயிலில் முகத்தின் நிழலைப் போக்க ஃப்ளாஷ் போட்டாலும் வேகம் குறையாது. ஆரம்பநிலை டிஎஸ்எல்ஆர்கள் ஃப்ளாஷ் போட்டதும் பெரும்பாலும் 1/200 வினாடியை ஒட்டி நின்றுவிடும். 2006-ல் வந்த நிகான் டி40 போன்ற சில பழைய மாடல்கள் 1/500 வரை போயின, அவை விதிவிலக்கு.

ஆக, பகல் வெளிச்சத்தில் காம்பாக்டைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. வெளிச்சம் குறைந்தால் கதை வேறு. வழக்கமான 1/2.3 இன்ச் சென்சார் 6.17 x 4.55 மி.மீ. அளவுதான். நிகானின் ஆரம்பநிலை டிஎஸ்எல்ஆர்களில் இருக்கும் ஏபிஎஸ்-சி என்ற அளவுச் சென்சார் 23.5 x 15.6 மி.மீ., பரப்பில் 13 மடங்கு. காம்பாக்டில் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன் எண்) 100-ல் வரும் இரைச்சலும், அதாவது படத்தில் தெரியும் புள்ளிப்புள்ளியான பிசிறும், டிஎஸ்எல்ஆரில் ஐஎஸ்ஓ 1250-ல் வரும் இரைச்சலும் ஏறத்தாழச் சமம். ஐஎஸ்ஓ 800-க்கு மேல் காம்பாக்டின் ஜேபெக் படத்தில் தலைமுடியும் புல்லும் ஈரத்துணியால் துடைத்த வண்ணம்போல வழிந்துவிடும். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

தூசிக்கு வருகிறேன்.

காம்பாக்டை ஆன் செய்யும்போது இரண்டு மூன்று அடுக்குக் குழல்கள் வெளியே நீள்கின்றன. உள்ளே கொள்ளளவு கூடுகிறது, அதை நிரப்பக் குழல்களின் இடுக்கு வழியே காற்று நுழைகிறது. அந்தக் காற்று சட்டைப்பையின் காற்று. நூல்பிசிறும் துணித்தூளும் கலந்தது. அணைக்கும்போது குழல் உள்ளே போகும், பிசிறும் கூடவே போகும். ஒவ்வொரு முறை ஆன் செய்வதும் ஒரு பம்ப் அடிப்பதற்குச் சமம். எதற்காக இந்தக் கேமராவை வாங்குகிறோமோ, அதாவது பையில் போட்டு எடுத்துச் செல்வதற்கு, அதுவே இதன் உயிரை வாங்குகிறது என்பதுதான் என் தீராத எரிச்சல்.

சின்னச் சென்சாரில் தூசி பெரிதாகத் தெரியும். 50 மைக்ரான் துகள் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி சென்சாரில் அது 13 பிக்சல் அகலம். 16 மெகாபிக்சல் காம்பாக்டில் 37 பிக்சல். படத்தின் அகலத்தோடு ஒப்பிட்டால் கிட்டத்தட்ட நான்கு மடங்கு பெரிய கறை. ஜூமை நீட்ட நீட்ட எஃப் எண் ஏறுவதால், அகலக் கோணத்தில் சந்தேகமாகத் தெரிந்த புள்ளி முழு ஜூமில் விளிம்போடு கறுத்து நிற்கும். பலர் ஆறு மாதம் கழித்துத்தான் கவனிப்பார்கள். அதற்குள் எடுத்த வானம், கடல், சுவர் எல்லாவற்றிலும் அது ஏறியிருக்கும்.

புள்ளி சென்சாரில்தான் இருக்கிறதா என்று உறுதிப்படுத்துவது எளிது. முழு ஜூமில் வெள்ளைச் சுவரை ஒருமுறை எடுங்கள். கேமராவைச் செங்குத்தாகத் திருப்பி இன்னொருமுறை எடுங்கள். இரண்டு படத்திலும் சட்டகத்தின் அதே இடத்தில் நின்றால் சென்சார் தூசி. ஃப்ளாஷ் படத்தில் மட்டும் வட்டவட்டமாக வந்து, அடுத்த படத்தில் இடம் மாறினால் அது காற்றில் மிதக்கும் தூசி. ஃப்ளாஷ் லென்ஸுக்கு மிக அருகில் இருப்பதால் அது ஒளிர்கிறது. அதற்குக் கேமராவை ஒன்றும் செய்ய வேண்டாம்.

சென்சார் தூசி என்றால் உரிமையாளர் கையில் இருக்கும் ஒரே வழி வாக்குவம் க்ளீனர். மிகக் குறைந்த உறிஞ்சல், குழாய் முனையைச் சுற்றி விரல்களால் கூம்பு அமைத்து லென்ஸிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, ஜூமை ஏழெட்டு முறை உள்ளும் வெளியுமாக ஓட்ட வேண்டும். சிலசமயம் தூசி நகரும். சிலசமயம் ஓரத்திலிருந்து நடுவுக்கு வந்து உட்காரும்! குழாயை லென்ஸில் ஒட்டவே கூடாது. முன்னால் மூடித் திறக்கும் மெல்லிய தகடுகள் வளைந்துவிடும்.

பிரித்துப் பார்க்கலாமே என்று ஸ்க்ரூடிரைவரை எடுப்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. பேட்டரியைக் கழற்றினாலும் ஃப்ளாஷ் கெப்பாசிட்டரில் 300 வோல்ட் அளவுக்கு மின்சாரம் தேங்கியிருக்கும், விரல் பட்டால் பலமாக அடிக்கும். அடுத்தது, நான் முதலில் சொன்ன மங்கல் ஓரத்துக்கான காரணம். சென்சார் தகடு லென்ஸ் யூனிட்டின் முதுகில் பொதுவாக மூன்று ஸ்க்ரூவில் நிற்கும். பல மாடல்களில் அந்த மூன்றும் வெறுமனே இறுக்குவதற்கு அல்ல, சென்சாரின் சாய்வைச் சரிசெய்வதற்கு. தொழிற்சாலையில் அளந்து பசை வைத்துப் பூட்டியிருப்பார்கள். தூசியைத் துடைக்க அதைக் கழற்றி மறுபடி கணக்கில்லாமல் முடுக்கினால் சென்சார் மயிரிழை சாயும், ஒரு பக்கம் ஃபோகஸ் போய்விடும். கழற்றும் முன் ஒவ்வொரு ஸ்க்ரூவும் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ணிக் குறித்துவைத்து, அதே எண்ணிக்கையில் திரும்ப ஏற்றவேண்டும். அந்தப் பொறுமை இல்லாத பட்டறையில் கொடுத்தால் புள்ளி போய் மங்கல் வரும்.

டிஎஸ்எல்ஆரில் தூசி வராதா? தாராளமாக வரும். லென்ஸ் மாற்றும்போது வரும், நீளும் கிட் ஜூமும் காற்றை இழுக்கத்தான் செய்யும். ஆனால் அங்கே கதவு திறக்கும். எஃப்/5.6-ல் பெரும்பாலும் தெரியாது. எஃப்/16-க்குப் போனால்தான் காட்டிக்கொடுக்கும். சோதிக்க இப்படிச் செய்யுங்கள். துளை முன்னுரிமை முறை, எஃப்/16, ஐஎஸ்ஓ 100. லென்ஸை மேனுவல் ஃபோகஸில் போட்டு வேண்டுமென்றே ஃபோகஸைக் கலைத்துவிடுங்கள். வெள்ளைச் சுவரைப் பார்த்து, ஷட்டர் திறந்திருக்கும்போதே கேமராவை லேசாக அசைத்து எடுங்கள். சுவரின் சொரசொரப்பு கலைந்துவிடும், அசையாத புள்ளிகள் மட்டும் மிஞ்சும்.

பிறகு பேட்டரியை முழுதாகச் சார்ஜ் செய்து, லென்ஸைக் கழற்றி, மெனுவில் சுத்தம் செய்வதற்காகக் கண்ணாடியைத் தூக்கி நிறுத்தும் வசதியைத் தேர்ந்தெடுங்கள். சார்ஜ் குறைவாக இருந்தால் பல பாடிகள் (லென்ஸ் நீங்கலான கேமரா உடல்) அதை அனுமதிக்காது, நல்லதற்குத்தான். பல்ப் முறையில் ஷட்டரைத் திறந்துவைத்துக்கொண்டு இந்த வேலையைச் செய்யவே கூடாது. நடுவில் மின்சாரம் நின்றால் ஷட்டர் திரை உங்கள் கருவிமேலேயே வந்து மூடும். லென்ஸ் மாட்டும் வாயான மவுண்ட் தரையைப் பார்க்கும்படி பாடியைப் பிடித்து, ரப்பர் ப்ளோயரால் ஐந்தாறு முறை ஊதுங்கள். முனை மவுண்ட் வளையத்தைத் தாண்டி உள்ளே போகவேண்டாம். டப்பாவில் அடைத்த அழுத்தக் காற்று வேண்டாம், அதிலுள்ள திரவம் தெறித்துக் கறையாகும். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். கேமராவை அணைத்தால் கண்ணாடி இறங்கிவிடும். பத்தில் எட்டுத் தூசி இதிலேயே போகும்.

போகாதது எண்ணெய்த்துளியோ மகரந்தமோ ஆக இருக்கும். அதற்கு 16 மி.மீ. அகல ஏபிஎஸ்-சி ஸ்வாப் (துடைக்கும் குச்சி), சென்சாருக்கென்றே விற்கும் திரவம் இரண்டு சொட்டு. சில வினாடி ஊறவிட்டு, ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை ஒரே இழுப்பு. ஸ்வாபைத் திருப்பி மறுபக்கத்தால் திரும்பி வரும் இழுப்பு. அத்தோடு அந்த ஸ்வாப் குப்பைக்கு. எங்கே தேய்ப்பது என்ற குழப்பம் பலருக்கு உண்டு. படத்தில் மேல் இடதில் தெரியும் புள்ளி, மவுண்ட் பக்கமிருந்து உள்ளே பார்க்கும்போது கீழ் இடதில் இருக்கும். மேலும் கீழும்தான் மாறும், இடமும் வலமும் அப்படியே. வ்யூஃபைண்டரில் தெரிகிற தூசி படத்தில் வராது. அதைத் துடைக்கிறேன் என்று ஃபோகஸிங் திரையையோ கண்ணாடியையோ தொட்டுக் கீறிவிடாதீர்கள்.

டிஎஸ்எல்ஆரின் குறைகளும் உண்டு. நிகான் டி3500 பாடி பேட்டரி, கார்டோடு 415 கிராம். கிட் லென்ஸும் சேர்ந்தால் 600-ஐத் தாண்டும். டி3400 முதல் சென்சாரை உதறித் தூசி தட்டும் ஏற்பாட்டையே எடுத்துவிட்டார்கள். ஆரம்பநிலை பாடி என்றால் இப்படித்தான் கை வைப்பார்கள் என்பது எனக்குப் பிடிக்கவேயில்லை. இந்த வரிசையில் ஃபோகஸ் மோட்டார் பாடிக்குள் கிடையாது. அதனால் பழைய 50 மி.மீ. எஃப்/1.8டி போட்டால் கையால்தான் ஃபோகஸ் செய்யவேண்டும். லென்ஸுக்குள்ளேயே மோட்டார் உள்ள ஏஎஃப்-எஸ் 35 மி.மீ. எஃப்/1.8ஜி சரியாக இயங்கும். ஏஎஃப்-பி என்ற புதிய வகை லென்ஸை டி3000, டி90 போன்ற பழைய பாடியில் மாட்டினால் கையால்கூட ஃபோகஸ் ஆகாது. எஃப்/1.8 லென்ஸில் கண்ணுக்கு வைத்த ஃபோகஸ் தவறிக் காதின்மேல் போய் நின்றால், அதைச் சரிசெய்யும் நுண்திருத்த மெனு இந்த விலைப்பிரிவில் இல்லை. அசையாத காட்சிக்கு லைவ் வ்யூவில் ஃபோகஸ் செய்துதான் தப்பிக்க வேண்டும்.

மேக்ரோ, மௌனம், ஆழம், எடை என்று பாராட்டின பக்கமெல்லாம் காம்பாக்ட். இருந்தாலும் நண்பருக்கு என் பதில் டிஎஸ்எல்ஆர்தான். பத்து நிமிடத்தில் நானே துடைத்துவிடக்கூடிய தூசிக்காக, சீல் வைத்த டப்பாவை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டுக் காத்திருக்க இனி விருப்பமில்லை.

2018-ல் வந்த டி3500-க்குப் பிறகு அந்த வரிசையில் புதிய பாடி வரவில்லை என்பதால் பழையதாகத்தான் பார்க்க வேண்டியிருக்கும். நிகானில் கேமராவிலிருந்து வந்த அசல் ஜேபெக் கோப்பின் எக்ஸிஃப் தகவலிலேயே (கோப்புக்குள் பதிவாகும் குறிப்புகள்) ஷட்டர் எண்ணிக்கை, அதாவது இதுவரை எத்தனை படம் எடுத்தது என்ற கணக்கு, இருக்கும். 1 லட்சத்தை நெருங்கியதைத் தவிருங்கள். கேனான் 250டி என்றால் ஃப்ளாஷ் ஷூவின் நடுப்புள்ளித் தொடர்பு இல்லை என்பதை நினைவில் வையுங்கள், எளிய மேனுவல் ஃப்ளாஷ்கள் அதில் எரியாது.

இவ்வளவு சொன்ன பிறகும் காம்பாக்ட்தான் வேண்டும் என்றால், ஜிப் போட்ட தனி உறையில் வையுங்கள், சட்டைப்பையில் வெறுமனே போடாதீர்கள். 2002 முதல் 2004 வரை தயாரான சிசிடி என்ற பழைய வகைச் சென்சார்களில், வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் உள்ளிணைப்பு விட்டுப்போகும் பிரச்சினை பல பிராண்டுகளிலும் இருந்தது. படம் ஊதாக் கோடுகளாக வந்தால் கீழே வைத்துவிடுங்கள். மிகப் பழைய மாடல்கள் 2 ஜிபிக்கு மேற்பட்ட எஸ்டி கார்டைப் படிக்காது, சின்ன கார்டு ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். லென்ஸ் நீளும்போது மணல் அரைபடும் சத்தம் கேட்கிறதா என்று காதை வைத்துக் கேளுங்கள். கடைசியாக, பணம் கொடுக்கும் முன் முழு ஜூமில் வெள்ளைச் சுவரை ஒருமுறை எடுத்து, திரையில் பெரிதாக்கி நான்கு மூலையையும் பாருங்கள். புள்ளி இருந்தால், விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம்.