கராஜ் கதவின் ஸ்பிரிங் உடைந்தால் மோட்டாரையும் சேர்த்து விற்பார்கள்: ஓர் எச்சரிக்கை

கராஜ் கதவின் ஸ்பிரிங் உடைந்து, அவசரத்தில் யாரையாவது அழைக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு அழையுங்கள். என் வீட்டில் உடைந்தது ஒரே ஒரு பாகம். பணம் வாங்கியதோ கதவில் இருந்த பாகங்கள் அத்தனைக்கும். அதைவிடக் கொடுமை, உண்மையில் மாற்றவேண்டியிருந்த அந்த ஒரு பாகத்தையும் தவறான அளவில் மாட்டிவிட்டுப் போனார்கள்.

அதிகாலையில் கராஜிலிருந்து துப்பாக்கி வெடித்தது போன்ற சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் கதவுக்கு மேலே சுவரோரமாகக் கிடக்கும் இரும்புத் தண்டில் சுற்றியிருந்த ஸ்பிரிங் இரண்டாகப் பிரிந்து, நடுவே இரண்டு விரல் அகலத்துக்கு இடைவெளி தெரிந்தது. பொத்தானை அழுத்தியதும் கதவு ஒரு சாண் எழுந்து நின்றுவிட்டது. கார் உள்ளே இருந்தது. அன்று காலை அப்பாவுக்கு மருத்துவமனையில் நேரம் கொடுத்திருந்தார்கள்.

தொலைபேசியில் பேசிய பெண் மிகக் குறைந்த தொகை ஒன்றைச் சொன்னார். ஸ்பிரிங் உடைந்திருக்கிறது, ஒரு ஸ்பிரிங் உள்ள கதவு என்று தெளிவாகவே சொன்னேன். "ஆள் வந்து பார்த்துச் சொல்வார்" என்றார். வந்த இளைஞரின் வண்டியில் நிறுவனத்தின் பெயரே இல்லை. அவர் ஸ்பிரிங்கை அளக்கவில்லை, கதவின் எடையைப் பற்றிக் கேட்கவில்லை. மேலே ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கையிலிருந்த டேப்லெட்டில் பட்டியல் போடத் தொடங்கினார். ஸ்பிரிங், கேபிள்கள், கேபிள் சுற்றும் உருளைகள், ரோலர்கள், பேரிங்குகள், கடைசியாக மோட்டார். மொத்தத் தொகை தொலைபேசியில் சொன்னதன் பல மடங்கு.

மோட்டார் எதற்கு என்று கேட்டேன். "எரிந்துவிட்டது, இனி கதவைத் தூக்காது" என்றார். ஸ்பிரிங்கை மட்டும் மாற்றித் தரச் சொன்னேன். "அப்படிச் செய்தால் கதவு யார் தலையிலாவது விழும், அதற்கு நாங்கள் பொறுப்பில்லை" என்றார். அப்பா மருத்துவமனைக் கோப்புடன் வாசலில் நின்றுகொண்டிருந்தார். கையெழுத்துப் போட்டேன். பழைய மோட்டார், உடைந்த ஸ்பிரிங் எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு அவர் போய்விட்டார்.

மோட்டார் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். பெரும்பாலோர் ஏமாறுவது இங்கேதான். கராஜ் கதவைத் தூக்குவது மோட்டார் என்று நாம் நினைக்கிறோம். அது உண்மை இல்லை. இரண்டு கார் நுழையும் அகலமான கதவின் எடை நூறு கிலோவைத் தாண்டுவதும் உண்டு. அந்த எடையைச் சுமப்பது முறுக்கி வைத்த ஸ்பிரிங். ஸ்பிரிங் சரியாக இருந்தால் கதவைக் கையாலேயே எளிதாகத் தூக்கிவிடலாம். சமநிலையில் இருக்கும் கதவை மேலும் கீழும் நகர்த்துவது மட்டுமே மோட்டாரின் வேலை. ஸ்பிரிங் உடைந்ததும் முழு எடையும் மோட்டார் மீது விழுகிறது. அளவுக்கு மீறிய சுமையை உணர்ந்து அது நின்றுவிடுகிறது. அதற்கென்றே அப்படி அமைத்திருக்கிறார்கள். ஆகவே ஒரு சாண் எழுந்து நின்ற கதவு, மோட்டார் எரிந்ததற்கு அடையாளமே அல்ல.

மோட்டார் பழுதா என்று பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். கதவு முழுவதும் மூடியிருக்கும்போது, தொங்கும் சிவப்புக் கயிற்றை இழுத்து மோட்டாரைக் கதவிலிருந்து பிரித்துவிட்டுப் பொத்தானை அழுத்தச் சொல்லுங்கள். தண்டவாளத்தில் ஓடும் இழுவைப் பகுதி தடையில்லாமல் கடைசிவரை போய்த் திரும்பினால், அந்த மோட்டாரை எரிந்த மோட்டார் என்று யாரும் விற்க முடியாது. மோட்டார் சுழலும் சத்தம் கேட்டும் சங்கிலி நகரவில்லை என்றால் உள்ளே பல்சக்கரம் தேய்ந்திருக்கலாம், அது உண்மையான பழுது. ஸ்பிரிங் உடைந்த பிறகும் விடாமல் பொத்தானை அழுத்தினால் அந்தப் பழுதை நாமே வரவழைப்போம். ஒன்றை மறக்காதீர்கள்: கதவு பாதி திறந்த நிலையில் ஸ்பிரிங் உடைந்திருந்தால் அந்தச் சிவப்புக் கயிற்றைத் தொடவே கூடாது. முழு எடையோடு கதவு கீழே விழும்.

புதிய ஸ்பிரிங் வந்த சில வாரங்களிலேயே கதவு முனகத் தொடங்கியது. புதிய மோட்டாரும் பாதி வழியில் நின்றது. மீண்டும் அழைத்தபோது 'ஆயுள்கால உத்தரவாதம்' என்று எழுதித் தந்திருந்த தாளை நினைவூட்டினேன். உத்தரவாதம் பாகத்துக்குத்தான், ஆள் வந்து போவதற்கும் வேலைக்கும் தனிக் கட்டணம் என்றார்கள். அந்தக் கட்டணம் ஒரு புதிய ஸ்பிரிங்கின் விலையைவிட அதிகம். ஆயுள்கால உத்தரவாதம் என்ற சொல்லை எங்கே கண்டாலும், யாருடைய கூலி அதில் அடங்கும் என்று முதலில் கேளுங்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் அனுப்பிய ஒரு வயதான மெக்கானிக் வந்தார். அவர் செய்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். கதவை மூடி, மோட்டாரைப் பிரித்து, கையால் இடுப்பு உயரத்துக்குத் தூக்கிப் பிடியைத் தளர்த்தினார். சரியான ஸ்பிரிங் என்றால் கதவு அங்கேயே நிற்கவேண்டும். எங்கள் கதவு சட்டென்று கீழே இறங்கியது, அவர் தாங்கிப் பிடித்துக்கொண்டார். பிறகு எஃகுக் கம்பிகள் இரண்டை, ஸ்பிரிங்கின் முனையில் அதைத் தண்டோடு பிணைக்கும் கூம்பின் துளைகளில் மாற்றி மாற்றிச் செருகி முறுக்கை முழுவதும் அவிழ்த்துவிட்டு, கதவின் அடியில் எடை பார்க்கும் தராசை வைத்து அளந்தார். எங்கள் கதவைவிட மிகவும் இலேசான கதவுக்கு உரிய ஸ்பிரிங் அது. வண்டியில் கையிருப்பில் இருந்ததை மாட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள் என்றார். அகற்றப்பட்ட ரோலர்களும் கேபிள்களும் எப்படி இருந்தன என்று கேட்டு, உடைந்த அன்று அப்பா எடுத்திருந்த படத்தைப் பார்த்தார். கேபிளில் இழை பிரிந்ததற்கான அடையாளமே இல்லை, மாற்றியிருக்கத் தேவையில்லை என்றார்.

ஸ்பிரிங்குக்கு மூன்று அளவுகள் உண்டு: கம்பியின் தடிமன், சுருளின் உள்விட்டம், நீளம். வலப்பக்கம் முறுக்கியதா, இடப்பக்கம் முறுக்கியதா என்பதும் பொருந்தவேண்டும். தடிமனில் கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம்கூடத் தூக்கும் பலத்தை மாற்றிவிடும். அதனால்தான் பத்து அல்லது இருபது சுற்றுகளைச் சேர்த்து அளந்து கணக்கிடுகிறார்கள். அளக்காமல் ஸ்பிரிங்கைக் கையில் எடுப்பவரை அங்கேயே நிறுத்துங்கள்.

எத்தனை முறை திறந்து மூடத் தாங்கும் என்பதையும் கேட்கவேண்டும். வீடுகளில் வழக்கமாகப் போடும் ஸ்பிரிங் ஏறக்குறைய 10,000 முறைக்குக் கணக்கிட்டது. நாளுக்கு நான்கு முறை திறந்து மூடினால் ஏழு ஆண்டுகள்கூட வராது. ஆகவே ஸ்பிரிங் உடைவது யாருடைய குற்றமும் அல்ல, தேய்மானம். 20,000 முறைக்கும் அதற்கு மேலும் தாங்கும் ஸ்பிரிங் கிடைக்கிறது. அதற்குக் கூடுதல் விலை கேட்பதில் நியாயம் இருக்கிறது. இரண்டு ஸ்பிரிங் உள்ள கதவில் ஒன்று உடைந்தால் இரண்டையும் மாற்றச் சொல்வதும் நியாயமே, இரண்டும் ஒரே அளவு உழைத்தவை. இதைச் சொல்கிறவரைச் சந்தேகிக்கவேண்டாம்.

இவ்வளவும் படித்துவிட்டு, நானே மாற்றிக்கொள்கிறேன் என்று யாரும் ஏணியில் ஏறிவிடாதீர்கள். உடையாத ஸ்பிரிங்கில் அடங்கியிருக்கும் விசை கை எலும்பை முறிக்கப் போதுமானது. கூம்பைத் தண்டோடு பிடித்திருக்கும் திருகுகளையும், கதவின் அடிமூலையில் கேபிள் மாட்டியிருக்கும் தகட்டின் போல்ட்டுகளையும் தளர்த்தவே கூடாது. முறுக்குக் கம்பிக்குப் பதிலாக ஸ்க்ரூடிரைவரைச் செருகிக் காயப்பட்டவர்கள் உண்டு. என்னை ஏமாற்றியவர் பயன்படுத்தியது இந்த உண்மையான அச்சத்தைத்தான். ஸ்பிரிங் ஆபத்தானது என்று அவர் சொன்னது சரி. அதனால் மோட்டாரையும் வாங்கவேண்டும் என்றதுதான் பொய்.

ஆள் வரும் முன்பே தொலைபேசியில் கேட்டுவிடுங்கள்: சொல்லும் தொகையில் ஸ்பிரிங்கின் விலையும் கூலியும் அடக்கமா, வந்து பார்த்துவிட்டு வேலை வேண்டாம் என்றால் என்ன கட்டணம். "வந்து பார்த்துத்தான் சொல்வோம்" என்று மட்டும் பதில் வந்தால் அடுத்த எண்ணை அழையுங்கள். அவசரம் என்றால் வாடகைக் காரில் போய்விட்டு, கதவை மாலையில் பார்த்துக்கொள்ளலாம். மூடிய கதவு மூடியபடியே இருப்பதால் யாருக்கும் ஆபத்தில்லை. வேலை முடிந்ததும், மோட்டாரை இணைக்கும் முன், பாதி உயரத்தில் கதவு நிற்கிறதா என்று உங்கள் கண் முன்னால் காட்டச் சொல்லுங்கள்.

அந்த நிறுவனத்திடம் எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறேன், அட்டை வழங்கிய வங்கியிடமும் முறையிட்டிருக்கிறேன். ரசீதில் 'ஸ்பிரிங் முழுத் தொகுப்பு' என்று மட்டும் இருக்கிறது, அளவு எதுவும் இல்லை. கழற்றிய பாகங்களும் என்னிடம் இல்லை. கையில் இருப்பது மெக்கானிக் எழுதிக் கொடுத்த எடைக் கணக்கும் அப்பா எடுத்த படமும்தான். உங்கள் வீட்டில் ஸ்பிரிங் உடைந்தால், யாரும் ஏணி வைக்கும் முன் ஸ்பிரிங்கையும் கேபிளையும் மோட்டாரையும் தனித்தனியாகப் படம் எடுங்கள். கழற்றியவை உங்களுடையவை, அவற்றைக் கராஜிலேயே விட்டுப் போகச் சொல்லுங்கள். தடிமன், உள்விட்டம், நீளம், எத்தனை முறைக்கான ஸ்பிரிங் என்ற நான்கும் ரசீதில் எழுதப்பட்ட பிறகு பணத்தைக் கொடுங்கள்.