ஓட விடாத ஓட்ட விளையாட்டு

ஓடுபவர் விழும்வரை ஓட்டம் தொடரும் முடிவில்லா ஓட்ட விளையாட்டுகளை விரும்புகிறவர்களுக்கு, அண்மையில் வெளிவந்துள்ள இந்தக் கைப்பேசி விளையாட்டைப் பரிந்துரைக்க என்னால் இயலவில்லை. அதன் பெயரைச் சொல்லாமல் விடுகிறேன். இதே வார்ப்பில் வந்துகொண்டிருக்கும் வேறு பலவற்றுக்கும் இந்தக் குறைகள் பொருந்தும்.

2009-இல் ஆடம் சால்ட்ஸ்மன் உருவாக்கிய கானபால்ட் என்ற ஓட்ட விளையாட்டுக்கு ஒரே ஒரு பொத்தான் போதுமானதாக இருந்தது. சரிந்து விழும் நகரத்தின் மொட்டை மாடிகள் மேல் ஒருவன் ஓடிக்கொண்டிருப்பான். தக்க நேரத்தில் அவனைத் தாவச் செய்வது மட்டுமே நம் வேலை. ஓட ஓட வேகம் கூடும், வழியில் கிடக்கும் பெட்டியில் இடித்துக்கொண்டால் குறையும். ஆகவே கட்டுக்கடங்காத வேகத்தைத் தணிப்பதற்காக வேண்டுமென்றே ஒரு பெட்டியில் இடித்துக்கொள்வதும் அங்கே கைத்திறனாகவே இருந்தது. நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 2012-இல் தன் சேகரிப்பில் சேர்த்த விளையாட்டுகளில் அதுவும் ஒன்று. 2011-இல் வந்த டெம்பிள் ரன்னில் நாணயங்களும் கடையும் இருந்தன என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும், விழுந்தவன் எழுந்து மீண்டும் ஓடத் தொடங்குவதற்கு அங்கே அதிக நேரம் பிடிக்கவில்லை.

புதிய விளையாட்டின் காட்சியமைப்பு உண்மையிலேயே அழகாக இருக்கிறது. மழையில் நனைந்த தெருவில் கடை விளக்குகளின் ஒளி படர்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஆனால் நாணயத்தைத் தொட்டவுடன் சிதறும் பொன்னிறப் பொறிகள் அடுத்துள்ள தடுப்பை மறைத்துவிடுகின்றன. அப்படி விழும்போது தவறு நம் விரலுடையதா, திரையுடையதா என்று தெரிவதில்லை.

விழுந்தபின் நடப்பது இன்னும் மோசம். விளம்பரம் பார்த்தால் உயிர் தருவதாக ஒரு அறிவிப்பு வருகிறது. அதை மூடுவதற்கான பெருக்கல் குறி, கண்ணுக்குத் தெரியாத அளவில், சற்றுத் தாமதமாக மேல் மூலையில் முளைக்கிறது. அதைத் தட்டினால் பரிசுப் பெட்டி திறக்கிறது, பருவச் சீட்டின் (குறிப்பிட்ட காலத்துக்குள் புள்ளி சேர்த்துப் பரிசு பெறும் திட்டம்) புள்ளிகள் ஏறுகின்றன, முகப்புப் பக்கம் வருகிறது, அங்கே புதிய உடை விற்பனைக்கு இருப்பதாகச் சொல்கிறார்கள். இவை அனைத்தையும் கடந்து தொடங்கப் போனால் உயிர்கள் தீர்ந்துவிட்டன, காத்திருங்கள் என்கிறது.

வடசென்னையின் விம்கோ நகரில் மெட்ரோ ஏறி சென்ட்ரல் வரை செல்லும் நேரம் இத்தகைய விளையாட்டுக்கென்றே அமைந்தது. ஆனால் புதுவண்ணாரப்பேட்டையைத் தாண்டி வண்டி சுரங்கத்துக்குள் இறங்கி, சிக்னல் விட்டுவிட்டு வரத் தொடங்கியதும், இணைய இணைப்பைச் சரிபார்க்கச் சொல்லி ஓட்டம் பாதியில் நின்றுவிடுகிறது. தனியாக ஒருவர் ஓடுவதற்கு இணையம் எதற்கு? இணையமே இல்லாதபோதுதானே குரோம் உலாவியின் டைனோசர் ஓட வருகிறது! வீட்டுக்கு ஒரு கைப்பேசியும் அன்றாட டேட்டாவும் மட்டுமே உள்ள வியாசர்பாடிப் பிள்ளைகளுக்கு, இந்த விளம்பரக் காணொளிகள் பாடம் பார்க்க வேண்டிய டேட்டாவையும் சேர்த்தே தின்றுவிடும்.

மதிப்பெண்ணையும் நம்புவதற்கில்லை. பணம் கட்டி மேம்படுத்திய பாத்திரத்துக்குத் தொடக்கத்திலேயே கூடுதல் தூரமும் ஒரு மோதலைத் தாங்கும் கவசமும் கிடைப்பதால், தரவரிசையில் முன்னால் இருப்பவர் நம்மைவிடத் திறமையானவரா, அதிகம் செலவழித்தவரா என்பதை அறிய வழியில்லை. தெருவுக்குத் தெரு கேரம் ஆடும் வடசென்னையில், காசு கொடுத்தவனின் ஸ்ட்ரைக்கருக்கு மட்டும் காய்கள் தாமாகக் குழியில் விழும் என்று யாராவது விதி வகுத்தால், பலகையைச் சுற்றி ஒருவரும் நிற்கமாட்டார்கள்.

விளம்பரங்களை நீக்குவதற்கென்று ஒரு கட்டணத் திட்டம் உண்டு. அதன் விவரக் குறிப்பின் கடைசி வரி வரை படித்துவிட்டு முடிவெடுங்கள்: ஓட்டங்களுக்கு இடையே தாமாக வரும் விளம்பரங்கள் மட்டுமே அதில் நீங்கும், உயிர் பெறுவதற்கும் பெட்டியைத் திறப்பதற்குமான விளம்பரங்கள் பணம் கட்டியபிறகும் அப்படியே தொடரும்.