குடிலில் உட்கார்வதா, கரையோரம் நடப்பதா?

இங்கிலாந்தின் மின்ஸ்மியர் பறவைச் சரணாலயத்தில், நாணலுக்குள் ஒளிந்து வாழும் கொக்கு வகையான பிட்டர்னின் பெயரையே வைத்த மரக்குடில் ஒன்று இருக்கிறது, மறைந்திருந்து பறவை பார்ப்பதற்கு. ஒரு மே மாதக் காலையில் அதன் பலகையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பிட்டர்னைப் பார்க்கவில்லை. நாணல் பார்த்தேன், சாய்கிற நாணல், நிமிர்கிற நாணல். பிறகு பிட்டர்னின் சத்தம் கேட்டது. காலிக் குடத்தின் வாயில் யாரோ ஊதுவது போல, அடிவயிற்றிலிருந்து, மூன்று முறை. பக்கத்தில் இருந்த பெரியவர் புருவத்தை உயர்த்தி ‘கேட்டதா?’ என்றார். வாயைத் திறக்கவில்லை. குடிலுக்குள் பேசுவது அங்கே மரியாதைக் குறைவு.

அடுத்த வாரம் பாத் நகரத்துக்குப் பக்கத்தில் கால்வாய்க் கரையில் நடந்துகொண்டிருந்தேன். நீலக் கீற்றாக ஒரு மீன்கொத்தி, முழங்கால் உயரத்தில், தண்ணீரை ஒட்டிப் பறந்து போனது. நம் ஊர்க் குளத்துச் சிறு மீன்கொத்திதான், அதே இனம். காத்திருக்கவும் இல்லை, கட்டணமும் இல்லை. அன்றிலிருந்து, இங்கிலாந்தில் தண்ணீர் ஓரமாக ஒரு நாள் கழிக்க எங்கே போகலாம் என்று கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, “உங்களால் எவ்வளவு நேரம் சும்மா உட்கார முடியும்?” என்பதுதான்.

நான் ஒப்பிடப்போவது மூன்று இடங்களை: சஃபோக் கடற்கரையில் உள்ள மின்ஸ்மியர், கேம்பிரிட்ஜ்ஷயரின் விக்கன் ஃபென் சதுப்பு நிலம், பாத் நகரிலிருந்து பிராட்ஃபோர்ட்-ஆன்-ஏவன் வரை செல்லும் கென்னட் அண்ட் ஏவன் கால்வாய்ப் பாதை. பறவைகளின் எண்ணிக்கையை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்வதென்றால் கட்டுரையை இங்கேயே முடித்துவிடலாம். மின்ஸ்மியருக்குப் பக்கத்தில் மற்ற இரண்டும் நிற்க முடியாது.

அந்த மின்ஸ்மியர் உருவானதே ஒரு போரினால். 1940இல் ஜெர்மானியப் படை கரையிறங்கிவிடுமோ என்ற பயத்தில் அங்கிருந்த மேய்ச்சல் நிலத்தை வேண்டுமென்றே வெள்ளத்தில் மூழ்கடித்தார்கள். படை வரவில்லை, நாணல் வந்தது. 1947இல் அவோசெட் வந்து கூடு கட்டியது. கறுப்பும் வெள்ளையுமாக, மூக்கு மேல்நோக்கி வளைந்த உள்ளான் அது. பிரிட்டனில் ஏறக்குறைய நூறு ஆண்டுகளாக இனப்பெருக்கம் செய்யாமல் இருந்தது. அதே ஆண்டில்தான் பறவைப் பாதுகாப்புச் சங்கமான ஆர்.எஸ்.பி.பி. இந்த இடத்தைப் பார்த்துக்கொள்ளத் தொடங்கியது. அச்சங்கத்தின் சின்னத்தில் இருப்பதும் அவோசெட்தான்.

1960களில் அங்கே வார்டனாக இருந்த பெர்ட் ஆக்செல் நிலத்தைச் சுரண்டி, ஆழமில்லாத குட்டைகளையும் நடுநடுவே சிறு தீவுகளையும் உண்டாக்கினார். அந்தப் பகுதியை இன்றும் ‘ஸ்க்ரேப்’ என்றே அழைக்கிறார்கள். மதகைத் திறந்தும் மூடியும் பருவத்துக்கு ஏற்ப நீர்மட்டத்தை வைத்திருப்பதால்தான் அத்தனை பறவைகள். 1971இல் சேற்றுப் பூனைப்பருந்து நாடு முழுவதிலும் ஒரே ஒரு ஜோடியாகச் சுருங்கிப்போனது. அந்த ஒரு ஜோடி கூடு கட்டியது மின்ஸ்மியரில். இன்று அது நாணலுக்கு மேல் சாவகாசமாகச் சுற்றுவதைப் பார்க்காமல் திரும்புவதுதான் கஷ்டம். 1997இல் பிரிட்டன் முழுவதும் குரல் கொடுத்த ஆண் பிட்டர்ன்கள் பதினொன்றுதான். இப்போது இருநூறைத் தாண்டிவிட்டன. அந்த இருநூறில் ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை என்பது வேறு விஷயம்.

குறை இல்லாமலில்லை. கார் இல்லாமல் போவது பெரும்பாடு. லண்டனிலிருந்து இப்ஸ்விச்சில் ரயில் மாறி டார்ஷம் வரை போகலாம்; அதற்கப்பால் டாக்ஸி, இல்லையென்றால் சைக்கிள். வார இறுதியில் குடில்களில் முக்காலித் தொலைநோக்கிகள் வரிசை கட்டி நிற்கும்; பைனாகுலர் இல்லாமல் போனவருக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும். தெற்கே திரும்பினால் சைஸ்வெல் அணுமின் நிலையத்தின் வெள்ளைக் குமிழ் தெரியும். சிலருக்கு அது கண்ணை உறுத்துகிறது. வெள்ளத்தையும் மதகையும் வைத்து மனிதன் செய்த இடத்தில் அந்தக் குமிழுக்கு மட்டும் தடை எதற்கு என்று எனக்குத் தோன்றும்.

விக்கன் ஃபென்னில் பார்க்க வேண்டியது பறவை அல்ல, தரை. கிழக்கு இங்கிலாந்தின் ஃபென் சதுப்பு நிலங்களை நூற்றாண்டுக் கணக்கில் வடித்து வயலாக்கினார்கள். வடித்த கரிமண் காய்ந்து சுருங்கி இறங்கியது. எவ்வளவு இறங்கியது என்பதைப் பார்க்க, பீட்டர்பரோ பக்கத்தில் ஹோம் ஃபென்னில் ஓர் இரும்புத் தூண் இருக்கிறது. 1851இல் அதன் தலை தரைமட்டத்தோடு இருக்கும்படி புதைத்தார்கள். இன்று ஏறக்குறைய நான்கு மீட்டர் வெளியே நிற்கிறது. தூண் அசையவில்லை, ஊர்தான் இறங்கிவிட்டது. விக்கனின் பழைய பகுதியை யாரும் முழுதாக வடிக்காததால், அது சுற்றியுள்ள வயல்களைவிட மேட்டில் இருக்கிறது. மேட்டில் ஒரு சதுப்பு! அங்கே நிற்கும் மரக் காற்றாலை ஒரு காலத்தில் தண்ணீரை வெளியேற்றக் கட்டியது. இன்று அது தண்ணீரை உள்ளே ஏற்றுகிறது.

இயற்கை இடங்களையும் பழைய கட்டடங்களையும் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு 1899இல் இங்கே இரண்டு ஏக்கரைப் பத்துப் பவுண்டுக்கு வாங்கியது. இதுவரை ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட உயிரினங்களை இங்கே பதிவு செய்திருக்கிறார்கள். பெரும்பாலானவை பூச்சிகள் என்பதால், பறவை தேடிப் போகிறவருக்கு அந்த எண் பெரிதாக உதவாது. டார்வின் கேம்பிரிட்ஜில் மாணவராக இருந்தபோது, ஃபென்னிலிருந்து நாணல் ஏற்றி வந்த படகுகளின் அடிக்குப்பையைக் கிளறி வண்டு பொறுக்கினார். விக்கனில் நடைபலகையில் குந்தி ஓடைத் தண்ணீரை உற்றுப் பார்க்கும் குழந்தைகளைக் காணும்போது அந்த ஞாபகம் வரும். பலகைப் பாதை ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல்தான், சக்கர நாற்காலியும் தள்ளுவண்டியும் தாராளமாகப் போகும். அதைத் தாண்டினால் கோனிக் என்ற குட்டை இனக் குதிரைகள் மேயும் திறந்த வெளி. மழை பெய்த மறுநாள் ரப்பர் பூட்ஸ் இல்லாமல் அந்தப் பக்கம் போகாதீர்கள். ஒரு ஜோடி நல்ல காலணியை நான் அங்கே பலி கொடுத்திருக்கிறேன். 2021 டிசம்பரில் பக்கத்து ஊரான சோஹமின் ரயில் நிலையம் மறுபடியும் திறந்ததால், சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு இப்போது வழி சுலபம்.

கால்வாயின் சங்கதி வேறு. பொறியாளர் ஜான் ரென்னி வடிவமைத்து 1810இல் முடிந்த 87 மைல் நீர்வழி அது. ரயில் வந்ததும் வியாபாரம் போனது. கால்வாயை வாங்கியதே ஒரு ரயில் கம்பெனிதான், 1852இல். அப்புறம் அதைப் பேணுவதில் அக்கறை எப்படி இருந்திருக்கும்? தூர்ந்து கிடந்ததைத் தன்னார்வலர்கள் பல்லாண்டு தூர்வாரினார்கள்; 1990இல் எலிசபெத் அரசி மறுபடியும் திறந்து வைத்தார்.

குதிரைகள் படகிழுத்த பாதைதான் இப்போது நடைபாதை. லண்டன் பேடிங்டனில் ஏறினால் ரயில் நேராக பாத் போகும். அங்கிருந்து பிராட்ஃபோர்ட் வரை சுமார் 15 கிலோமீட்டர், பெரிய ஏற்ற இறக்கம் இல்லை. அலுத்துவிட்டால் ஃப்ரெஷ்ஃபோர்டிலோ ஏவன்கிளிஃபிலோ ரயிலேறித் திரும்பலாம். ஏவன்கிளிஃபில் கால்வாய், ஆற்றையும் தண்டவாளத்தையும் ஒரு கல் பாலத்தின்மேல் கடக்கிறது. பாலத்தின் நடு வளைவு கட்டிய கொஞ்ச காலத்திலேயே தொய்ந்துவிட்டது. பக்கவாட்டில் நின்று பார்த்தால் இப்போதும் தெரியும். மேலே நிற்கும்போது கைக்கெட்டும் தூரத்தில் ஒடுக்கமான ஒரு நீளப் படகு போகும், அதன் கூரையில் விறகும் பூந்தொட்டியும் இருக்கும். அதற்கும் கீழே ரயில், பக்கத்தில் ஆறு. இந்த அடுக்கை மற்ற இரண்டு இடங்களும் தரவே முடியாது.

ஆனால் அமைதியை எதிர்பார்த்துப் போகாதீர்கள். சைக்கிள் மணி முதுகுக்குப் பின்னால் ஓயாமல் ஒலிக்கும். ஞாயிற்றுக்கிழமை நாய்களின் திருவிழா. குறுகலான இடத்தில் ஒதுங்கினால் நெட்டில் செடி காலைச் சுடும், நம் செந்தட்டியைப் போலவே.

கார் இல்லாதவருக்கும், சும்மா உட்காரப் பிடிக்காதவருக்கும், ஒரே நாள் அவகாசம் உள்ளவருக்கும் என் ஓட்டு கால்வாய்க்கு. மே மாதமும் காரும் பொறுமையும் ஒன்றாகக் கிடைத்தால் மின்ஸ்மியர். அதுவும் காலை எட்டு மணிக்கு முன்னால். குழந்தைகளோ வயதானவர்களோ கூட வந்தால் விக்கனின் பலகைப் பாதை.

எனக்கென்று கேட்டால் விக்கன்தான், அதுவும் கோடையில் அல்ல. குளிர்காலத்தில் மாலை நாலு மணிக்கே இருட்டத் தொடங்கும்போது சாம்பல் நிறப் பூனைப்பருந்துகள் இரவு தங்க நாணலுக்குள் இறங்கும். அவை வராத நாளும் உண்டு. கையுறைக்குள் விரல் மரத்துப்போக, போன ஜனவரியில் நான் நின்றது அப்படிப்பட்ட ஒரு நாளில்தான். அடுத்த ஜனவரிக்கு ரயில் டிக்கெட் வாங்கிவிட்டேன்.