எஃப்.சி.க்குக் கடைசி வாரம் போவதா, ஒரு மாதம் முன்னாலேயே போவதா?

காரின் எஃப்.சி.க்கு, அதாவது வண்டி சாலையில் ஓடத் தகுதியாக இருக்கிறதா என்று பார்க்கும் கட்டாயச் சோதனைக்கு, போன முறை சான்றிதழ் முடிகிற கடைசி வாரத்தில் போனேன். இந்த முறை நான்கு வாரம் இருக்கும்போதே போய்விட்டேன். ஒரே வண்டி, ஒரே ஆள், இரண்டு விதமாகவும் செய்து பார்த்தாயிற்று, அதனால் ஒப்பிட்டு எழுதலாம் என்று தோன்றியது. நடுநிலை எல்லாம் எதிர்பார்க்காதீர்கள், முன்கூட்டியே போகிற கட்சிதான் நான். ஆனாலும் கடைசி வாரக் கட்சியிடம் நியாயம் இருக்கிற இடமும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இந்தியாவில் எஃப்.சி, பிரிட்டனில் எம்.ஓ.டி, ஜப்பானில் ஷாக்கென் என்று நாட்டுக்கு ஒரு பேர். பார்ப்பது என்னவோ எங்கேயும் கிட்டத்தட்ட ஒன்றுதான்: பிரேக், ஸ்டியரிங், டயர், விளக்கு, புகை, வண்டியின் அடிப்பாகம். எத்தனை வருடத்துக்கு ஒரு முறை என்பதுதான் ரொம்ப மாறும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014 விதிப்படி புது காருக்கு நான்காவது வருடத்துக்குள் முதல் சோதனை, பிறகு குறைந்தது இரண்டு வருடத்துக்கு ஒன்று, அதைவிடக் கடுமையாக வைத்துக்கொள்வது அந்தந்த நாட்டின் இஷ்டம். பிரிட்டனில் மூன்று வருடம் ஆனதும் வருடாவருடம். இந்தியாவில் வாடகை வண்டி, லாரி வகையறாவுக்கு எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, அதற்கு மேல் ஒவ்வொரு வருடமும். சொந்த காருக்கு 15 வருடம் கழித்துத்தான் பேச்சே.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

கடைசி வாரக் கட்சியின் வாதம் எளிமையானது. கையில் இருக்கும் சான்றிதழுக்கு இன்னும் ஒரு மாதம் உயிர் இருக்கிறது, அதை ஏன் வீணாக்க வேண்டும்? முன்னாலேயே போனால் அடுத்த கெடுவும் ஒரு மாதம் முன்னால் வந்துவிடுமே? இது சில இடங்களில் உண்மை. ஜெர்மனியில் ஒரு மாதம் முன்னாலேயே சோதனை எடுத்தால் புதுக் கணக்கு அன்றைக்கே ஆரம்பித்துவிடும், அந்த ஒரு மாதம் போனது போனதுதான். பல நாடுகளில் இதற்கு வழி செய்து வைத்திருக்கிறார்கள், அது நிறைய பேருக்குத் தெரிவதில்லை. பிரிட்டனில் ஒரு மாதத்துக்கு ஒரு நாள் குறைவாக முன்னால் போகலாம், தேதி மாறாது. அதாவது ஜூன் 15 கெடு என்றால் மே 16 முதல் எப்போது போனாலும் அடுத்த கெடுவும் ஜூன் 15தான். நெதர்லாந்தில் இரண்டு மாதம். ஜப்பானில் ஒரு மாதமாக இருந்ததை 2025 ஏப்ரலில் இரண்டு மாதமாக்கிவிட்டார்கள். உங்கள் ஊர் விதி இந்த ரகமா ஜெர்மனி ரகமா என்று முதலில் பாருங்கள். இந்த ரகம் என்றால் நாள் வீணாகிறது என்ற வாதம் அங்கேயே முடிந்துவிடுகிறது.

பணத்தைப் பொறுத்தவரை பெரிய வித்தியாசம் இல்லை. சோதனைக் கட்டணம் என்றைக்குப் போனாலும் ஒன்றுதான், தேய்ந்த பிரேக் பேடு இந்த மாதம் மாற்றினாலும் அடுத்த மாதம் மாற்றினாலும் அதே பேடுதான். கூட்டத்தைப் பற்றியும் நீட்ட வேண்டியதில்லை, எல்லோரும் கடைசி நேரத்தில் ஓடினால் நேரம் கிடைக்காது என்பது சொல்லித்தான் தெரிய வேண்டுமா என்ன.

என் கணக்கில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது ஒன்றே ஒன்றுதான்: முதல் தடவை தோற்பதற்கும் இரண்டாம் தடவை பாஸாவதற்கும் நடுவில் இருக்கிற நாட்கள். சான்றிதழில் போட்டிருக்கும் தேதியை நாம் முதல் தடவை போவதற்கான கெடுவாக நினைத்துக்கொள்கிறோம். வண்டி ஐந்தாறு வருடம் தாண்டிவிட்டால் அப்படி நினைப்பது ஆபத்து. அந்தத் தேதிக்குள் இரண்டாம் தடவை போய்வந்து முடித்திருக்க வேண்டும், நடுவில் ஒரு ரிப்பேரும் நடந்திருக்க வேண்டும், அந்த ரிப்பேருக்கு எத்தனை நாள் ஆகும் என்பது நம் கையில் இல்லை.

போன முறை எனக்கு நடந்தது இதுதான். கெடுவுக்கு நான்கு நாள் இருக்கும்போது போனேன். வண்டி நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது, சத்தம் இல்லை, இழுப்பு இல்லை. சோதிப்பவர் வண்டியை மேலே தூக்கி, முன் சக்கரத்துக்குப் பின்னால் டார்ச் அடித்து என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் லோயர் ஆர்மில் இருக்கும் உருண்டை மூட்டின் (பால் ஜாயிண்ட்) ரப்பர் உறை கிழிந்து, உள்ளே இருந்த கிரீஸ் வெளியே தெறித்து, சக்கரத்தின் உள்பக்கம் முழுக்கக் கறுப்பாக அப்பிக்கொண்டு அதன்மேல் மண் ஒட்டியிருந்தது. கம்பியை நுழைத்து நெம்பினார், ஜாயிண்ட் லேசாக ஆடியது. அவ்வளவுதான், தோல்வி.

என் வண்டியில் பால் ஜாயிண்டைத் தனியாக மாற்ற முடியாது, ஆர்மோடு சேர்ந்தே வரும். அது ஸ்டாக்கில் இல்லை. வந்து மாட்டிய பிறகு வீல் அலைன்மெண்ட் செய்தாக வேண்டும், அதற்குத் தனியாக நேரம் வாங்க வேண்டும். பிறகு மறுசோதனைக்கு வேறு நேரம். கூட்டிப் பார்த்தால் பதினோரு நாள். கையில் இருந்ததோ நான்கு. மீதி ஏழு நாள் வண்டி வாசலில் நின்றது, நான் பஸ்ஸில் போனேன்.

இதில் இன்னொரு கூத்து. பார்ட் வரும் வரை சும்மா நிற்கிறதே என்று மெக்கானிக் பழைய பேட்டரியையும் மாற்றிக் கொடுத்தார். நல்ல எண்ணம்தான். ஆனால் பேட்டரி டெர்மினலைக் கழற்றினால் நிறைய வண்டிகளில் எஞ்சின் கம்ப்யூட்டர் தன் புகைக் கட்டுப்பாட்டுச் சுயசோதனைகளை எல்லாம் மறந்துவிடும். அந்தக் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஓ.பி.டி. கருவியைச் செருகினால் கோளாறு என்றும் வராது, சரி என்றும் வராது, 'இன்னும் தயாரில்லை' என்று வரும். குளிர்ந்த எஞ்சினில் ஸ்டார்ட் செய்து, ஊருக்குள் கொஞ்சம், நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் கொஞ்சம் என்று சில நாள் ஓட்டினால்தான் அது ஒவ்வொன்றாக முடித்துக்கொள்ளும். அமெரிக்காவின் பல மாநிலங்களில் 2001 மாடல் முதல் வந்த பெட்ரோல் வண்டிக்கு இந்தச் சுயசோதனைகளில் ஒன்று மட்டும் பாக்கி இருந்தால் பரவாயில்லை, அதற்கு மேல் இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இப்போது யோசியுங்கள், கெடு தாண்டிய வண்டியை சாலையில் ஓட்டக் கூடாது, ஓட்டாமல் கம்ப்யூட்டர் தயாராகாது. எனக்கு எப்படியோ தப்பித்தது, மறுசோதனையில் தோற்ற பாகத்தை மட்டும்தான் பார்த்தார்கள். எஞ்சின் லைட் எரிகிறதே என்று முந்தின நாள் யாரிடமாவது கம்ப்யூட்டரில் பதிவான கோளாறுக் குறியீட்டை அழிக்கச் சொல்லிவிட்டு வருகிறவர்களுக்கும் இதே கதிதான். லைட் அணையும், சோதனை நடக்காது.

இந்த முறை நான்கு வாரம் முன்னால். முந்தின இரவு இருபது நிமிடம் நானே பார்த்தேன்: எல்லா விளக்கும், நம்பர் பிளேட் விளக்கு உட்பட (இதை யாருமே பார்ப்பதில்லை), ஹார்ன், வைப்பர் ரப்பர், டயரில் 1.6 மில்லிமீட்டருக்கு மேல் பட்டன் இருக்கிறதா, சாவி போட்டதும் எரியும் எச்சரிக்கை விளக்குகள் பிறகு அணைகின்றனவா. காலையில் போகும்போது நேராகப் போகாமல் சுற்று வழியில் இருபது நிமிடம் ஓட்டிப் போனேன், ஏனென்றால் சைலன்ஸர் வழியில் இருந்து புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் நன்றாகச் சூடேறினால்தான் வேலை செய்யும், ஆறின வண்டியில் புகை எடுத்தால் நல்ல வண்டிகூடக் கெட்ட பேர் வாங்கும்.

அப்படியும் தோற்றேன். பின் பிரேக். உருளைகளின் மேல் சக்கரத்தை ஏற்றி, இடது வலது இரண்டும் தனித்தனியாக எவ்வளவு பிடிக்கின்றன என்று அளக்கும் மெஷின் உண்டல்லவா, அதில் இடது பின்சக்கரம் வலதைவிட ரொம்பக் குறைவாகக் காட்டியது. ஒரே அச்சில் ஒரு சக்கரத்தின் பிடிப்பு மற்றதில் 70 சதவீதத்துக்குக் கீழே போனால் ஐரோப்பிய விதியில் தோல்வி. ஓட்டும்போது எனக்கு எதுவுமே தெரியவில்லை. பின் பிரேக்கின் பங்கு குறைவு என்பதால் சாதாரணமாகத் தெரியவும் தெரியாது, மழையில் அவசரமாக மிதித்தால் தெரியும். பிரேக் பேடை அழுத்தும் காலிப்பர் சறுக்கி நகர்கிற சிறு கம்பி துருப்பிடித்து இறுகியிருந்தது. பாகம் ஆர்டர் போட்டு, எனக்குப் பிடித்த மெக்கானிக்குக்கு நேரம் இருக்கும் நாளாகப் பார்த்துக் கொடுத்து, ஒன்பது நாளில் மறுசோதனை முடிந்தது. நாள் கணக்கில் போன முறைக்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை, கவனித்தீர்களா? ஆனால் இந்த ஒன்பது நாளும் பழைய சான்றிதழ் உயிரோடு இருந்தது.

இங்கே ஒரு எச்சரிக்கை. பழைய சான்றிதழுக்கு நாள் இருக்கிறது என்பதால் தோற்ற வண்டியை இஷ்டத்துக்கு ஓட்டலாம் என்று அர்த்தமில்லை. பிரிட்டனில் குறைகளைத் தரம் பிரிக்கிறார்கள். 'ஆபத்தானது' என்று எழுதிவிட்டால் பழையதற்கு நாள் இருந்தாலும் ரிப்பேர் ஆகும் வரை ஓட்டக் கூடாது. முன்னாலேயே போனதால் வண்டி முன்னாலேயே நிற்கவும் வாய்ப்பு உண்டு என்று கடைசி வாரக் கட்சி இதைச் சொல்லிக் காட்டும். வாஸ்தவம்தான். ஆனால் அந்த நிலையில் இருக்கும் பிரேக்கோடு இன்னும் மூன்று வாரம் தெரியாமல் ஓட்டியிருப்பேன் என்பதை நான் லாபமாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

தோற்றால் எத்தனை நாள் தருகிறார்கள் என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஜெர்மனியில் ஒரு மாதத்துக்குள் சரிசெய்து காட்டினால் போதும், முழுச் சோதனை மறுபடி வேண்டாம். பிரிட்டனில் அதே நிலையத்துக்கு 10 வேலை நாளுக்குள் திரும்பினால் பகுதிச் சோதனை. இந்த அவகாசத்தைக் கெடு நீட்டிப்பு என்று சிலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். அது மறுசோதனைக்கான சலுகை, அவ்வளவே. பழைய சான்றிதழின் தேதி அதனால் நகராது. கெடு தாண்டிய நாட்களில் விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் என்ன சொல்லும் என்பது பாலிசிக்குப் பாலிசி மாறும், எடுத்துப் படித்துவிடுங்கள்.

மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது, எல்லாவற்றையும் ஒர்க்‌ஷாப்பிலேயே ஒப்படைத்துவிடுவது. சர்வீஸும் அவர்களே, சோதனைக்குக் கொண்டுபோவதும் அவர்களே. நான் ஒரே ஒரு முறை, அதுவும் வேறு வண்டிக்கு, இப்படிச் செய்தேன். சௌகரியமாகத்தான் இருந்தது. ஆனால் மாற்றியதில் எது சோதனைக்காகத் தேவைப்பட்டது, எது சும்மா மாற்றியது என்று பில்லைப் பார்த்து எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. ஒரு அனுபவத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது, நேரமே இல்லாதவர்களுக்கு இது சரியாக இருக்கலாம். நான் நேராகச் சோதனைக்குப் போய் தோல்விச் சீட்டை வாங்கிக்கொண்டு, அதை மெக்கானிக்கிடம் கொடுத்து 'இதில் இருப்பதை மட்டும் செய்' என்று சொல்வதையே விரும்புகிறேன். சோதனைக்கு முன்னால் மெக்கானிக்கிடம் காட்டுவதும் நல்லதுதான், கிழிந்த ரப்பர் உறையை அவர் கண்டுபிடித்திருப்பார். அந்த உருளை மெஷின் இல்லாமல் பின் பிரேக்கைப் பிடித்திருப்பாரா என்பது சந்தேகம். பத்து வருடம் தாண்டிய வண்டிக்கு இரண்டையும் செய்யலாம்.

மின்சார வண்டி வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது எவ்வளவு பொருந்தும் என்று தெரியாது, ஓட்டியதில்லை. புகைச் சோதனை கிடையாது என்பது ஒரு நிம்மதி. ஆனால் அதில் வேகம் குறைவது பெரும்பாலும் மோட்டார் மூலமே நடப்பதால் பிரேக் டிஸ்க் அதிகம் உரசாமல் துருப்பிடிக்கும் என்பார்கள், ஆக அந்த உருளை மெஷின் அவர்களுக்கும் காத்துக்கொண்டுதான் இருக்கிறது.

புத்தம் புது வண்டி, முதல் சோதனை, ஓடியதும் குறைவு என்றால் கடைசி வாரத்தில் போங்கள், ஒன்றும் ஆகாது. ஜெர்மனி மாதிரி நாள் கழிகிற ஊரிலும் நான் ஒரு மாதம் முன்னால் போகமாட்டேன், இரண்டு வாரத்தோடு நிறுத்திக்கொள்வேன். என் வண்டிக்கு இந்த முறை கொடுத்த சீட்டில் பாஸ் என்பதற்குக் கீழே ஒரு வரி எழுதியிருக்கிறார்கள்: வலது முன் டயரின் உள்விளிம்பு தேய ஆரம்பித்திருக்கிறது, கவனிக்கவும். அடுத்த கெடுவுக்கு ஆறு வாரம் முன்னால் வருகிற மாதிரி போனில் அதை ஏற்றி வைத்திருக்கிறேன்.